கேத்தே கோல்விட்ஸின் கறுப்பு: கலைக்கு உணர்ச்சி போதுமா, கோட்பாடும் வேண்டுமா?

கரிக்கட்டை:

நண்பர்களுக்கு வணக்கம். நெடுநாளாக மனதை அரித்துக்கொண்டிருப்பதை இங்கே கொட்டிவிடுகிறேன். இப்போதெல்லாம் ஓவியக் கண்காட்சிக்குப் போனால் படத்துக்கு முன்னால் நிற்பதைவிட, பக்கத்தில் ஒட்டியிருக்கும் விளக்க அட்டைக்கு முன்னால் நிற்கும் நேரம்தான் அதிகம். அட்டையைப் படித்து முடித்தால் படம் தேவைப்படுவதில்லை. உடல், வெளி, அதிகாரம், நினைவு என்ற நாலு சொற்களை எப்படிக் குலுக்கிப் போட்டாலும் ஓர் அட்டை தயாராகிவிடுகிறது.

எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் ஜெர்மானிய ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் (1867–1945). 1903-ல் அவர் செய்த ‘இறந்த குழந்தையுடன் பெண்’ என்ற எட்சிங்கை (உலோகத் தகட்டை அமிலத்தில் அரித்து எடுக்கும் அச்சோவியம்) பாருங்கள். ஒருத்தி ஆடையில்லாமல் சம்மணமிட்டு உட்கார்ந்து, செத்த பிள்ளையை அள்ளித் தன்னோடு அழுத்தி, அவன் நெஞ்சில் முகத்தைப் புதைத்திருக்கிறாள். முழங்கால் பாறைபோல் முன்னால் துருத்திக்கொண்டிருக்கிறது. அழகு, நளினம், ஒன்றும் கிடையாது. அதற்கு எவனாவது அட்டை எழுதித்தான் எனக்குப் புரிய வேண்டுமா?

1914 அக்டோபரில் அவருடைய இளைய மகன் பீட்டர் பெல்ஜியத்தில் போர்முனையில் இறந்தான். வயது 18. அவனுக்கு ஒரு நினைவுச்சின்னம் செய்யத் தொடங்கிய தாய், அதை 1932-ல்தான் கல்லறைத் தோட்டத்தில் நிறுத்தினார். எந்த இயக்கத்தின் அறிக்கையையும் கையில் வைத்துக்கொண்டு செய்த வேலையல்ல அது. நெஞ்சிலிருந்து நேராகக் கைக்கு வந்தது. அப்படி வருகிற கலைக்குக் கோட்பாடு எதற்கு என்பதே என் கேள்வி.

உளிமகள்:

கரிக்கட்டை அண்ணா, நான் அச்சோவியம் செய்கிறவள். அட்டைகளைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் “நேராகக் கைக்கு வந்தது” என்று சொல்வதற்கு நீங்கள் எடுத்த உதாரணமே எதிர்ச்சாட்சி சொல்கிறதே!

1903-ல் பீட்டர் உயிரோடுதான் இருந்தான். ஏழு வயது. அந்தப் படத்தில் இருக்கும் பிள்ளை அவனேதான். கோல்விட்ஸ் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து, அவனை ஒரு கையில் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் தன்னைத்தானே வரைந்தார். பையனின் கனம் தாங்காமல் அவர் முனகியபோது, “கவலைப்படாதே அம்மா, அழகாகத்தான் வரும்” என்ற பொருளில் அவன் ஆறுதல் சொன்னானாம். அவரே பிறகு எழுதியது இது. படத்தைக் கண்காட்சியில் பார்த்த அவருடைய நெருங்கிய தோழி, பீட்டருக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பதறிப்போனார். ஆகவில்லை. ஆனது பதினோரு ஆண்டு கழித்து.

உணர்ச்சி பொங்கியது, படம் வந்தது என்ற வரிசையில் இது நடக்கவில்லை. கண்ணாடி, கனம், கை வலி, திரும்பத் திரும்ப வரைதல், ஆசிட்டில் தோய்த்த பிளேட். இத்தனைக்கும் அப்பால்தான் அந்தத் தாய் நமக்குக் கிடைக்கிறாள்.

பனங்காடு:

அருமை. பிள்ளையைப் பிணமாக நடிக்கவைத்து வரைந்தால் அது உண்மை உணர்ச்சி. நடிகை கிளிசரின் போட்டு அழுதால் பொய் அழுகை. நல்ல நியாயம்.

உணர்ச்சியைப்போல மலிவான சரக்கு வேறில்லை ஐயா. இரவு எட்டு மணிக்குத் தொலைக்காட்சியைப் போட்டால் வீடு முழுக்க வழிகிறது. அழவைப்பதுதான் கலை என்றால் தொடர் எடுப்பவர்கள்தான் நம் காலத்தின் மாபெரும் கலைஞர்கள். எதை நம்பி ஒன்றை உயர்வு, மற்றதைத் தாழ்வு என்பீர்கள்? அந்த அளவுகோலுக்குப் பெயர்தான் கோட்பாடு.

கரிக்கட்டை:

பனங்காடு அவர்களே, பட்டதைத்தான் வரைய வேண்டும் என்று நான் எங்கே சொன்னேன்? பிள்ளை செத்துவிடுவானோ என்ற பயம் இல்லாத தாய் உண்டா? கோல்விட்ஸின் தம்பி ஒருவன் குழந்தைப் பருவத்திலேயே இறந்தவன். கணவர் கார்ல், வடக்கு பெர்லினின் தொழிலாளர் குடியிருப்புப் பகுதியில் மருத்துவம் பார்த்தவர். நோயில் சுருண்ட பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்த பெண்களை அந்த வீட்டிலேயே பார்த்துக்கொண்டிருந்தவர் கேத்தே. இதெல்லாம் அனுபவம் இல்லையா? கண்ணாடி முன் உட்கார்ந்தபோது அத்தனையும் கூடவே உட்கார்ந்திருக்கும்.

ஈரமண்:

நான் ஓவியக் கல்லூரி மாணவி. எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். எங்களுக்குப் படத்துக்கு முன்பே குறிப்பு கொடுக்க வேண்டும். என்ன செய்யப்போகிறோம், ஏன், எந்தச் சிந்தனையாளரை ஒட்டி என்றெல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கினால்தான் மேலே போகலாம்.

பாட்டி இறந்தபிறகு நான் அவருடைய கைகளை மட்டும் வரைந்துகொண்டிருக்கிறேன். தீப்பெட்டி ஒட்டி ஒட்டிப் பசை ஏறிக் காய்த்துப்போன விரல்கள். ஆசிரியர் பார்த்துவிட்டு, “வரைந்தவரைக்கும் சரி. இதன் கருத்தியல் பின்புலம் என்ன?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. பெண் உழைப்பு என்று எழுதிக் கொடுத்துவிடு, போதும் என்று தோழிகள் சொல்கிறார்கள். எழுதலாம்தான். அது பொய்யும் இல்லை. ஆனால் நான் அதற்காக வரையவில்லை. இங்கே இருக்கும் பெரியவர்கள் சொல்லுங்கள், என்ன எழுதட்டும்?

வைகறை:

உணர்ச்சியையும் கோட்பாட்டையும் இரண்டு கட்சியாகப் பிரித்து நிறுத்துவதே எனக்குப் புரியவில்லை. தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே இருக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டு. அதோடு விட்டாரா? ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்று நான்கு நான்காக வகுத்தார். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வதால் அழுவான், இழந்ததால் அழுவான், நிலை தாழ்ந்ததால் அழுவான், இல்லாமையால் அழுவான். உணர்ச்சியைப் பற்றியே இவ்வளவு நுட்பமான கோட்பாடு நம்மிடம் இருக்கும்போது, கோட்பாடு என்றாலே வெளிநாட்டு அட்டை என்று ஏன் முகம் சுளிக்க வேண்டும்?

இன்னொன்று. ஒப்பாரி பாடும் பெண்களைக் கவனித்திருப்பீர்கள். இழவு வீட்டில் ஒரு பெண் தன் தாய்க்காகப் பாடும் வரிகளில் பெரும்பாதி அவளுக்கு முன்பே யாரோ கட்டி வைத்தவை. மெட்டு பழையது, உவமை பழையது. அதில் தன் தாயின் ஊரையும் பட்ட பாட்டையும் செருகிப் பாடுகிறாள். அழுகை பொய்யாகிவிடுமா? அந்த வார்ப்பு இல்லாவிட்டால் அவளுக்குத் தொண்டை அடைத்து வெறும் விம்மல்தான் மிஞ்சும்.

பனங்காடு:

வைகறை ஐயா சொல்வதுதான் என் கட்சியும். நான் சொன்னால் முரடு, அவர் சொன்னால் இலக்கணம்.

வடதிசைக்காற்று:

பெர்லினிலிருந்து எழுதுகிறேன். கோல்விட்ஸ் பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இங்கே உண்டர் டென் லிண்டன் வீதியில் ‘நோயே வாஹே’ என்ற பழைய காவல்மாளிகை இருக்கிறது. உள்ளே ஒரே ஒரு சிலை. மடியில் இறந்த மகனைத் தாங்கிய தாய். கூரையின் நடுவில் வட்டமான திறப்பு. மழை பெய்தால் சிலை நனையும், பனி பெய்தால் தோளில் படியும். சுற்றுலாப் பயணிகள்கூட உள்ளே நுழைந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கரிக்கட்டை பார்த்தால் “இதோ, அட்டை இல்லாத கலை” என்று கொண்டாடுவார்.

ஆனால் கதை அவ்வளவு எளிதல்ல. கோல்விட்ஸ் 1937–39-ல் செய்த மூலச்சிலை ஒரு முழம்கூட உயரமில்லாதது. மேசைமேல் வைத்துக் குனிந்து பார்க்க வேண்டிய அளவு. 1993-ல் அன்றைய ஜெர்மன் சான்சலர் ஹெல்முட் கோலின் அரசு அதை நான்கு மடங்கு பெரிதாக்கி, “போருக்கும் கொடுங்கோன்மைக்கும் பலியானவர்களுக்கு” என்று எழுதி, நாட்டின் மைய நினைவிடமாக்கியது. உடனே எதிர்ப்பு கிளம்பியது. வரலாற்றாசிரியர் ரைன்ஹார்ட் கோசெலெக் கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர். மகனை இழந்த தாய் என்ற உருவம் போர்வீரனின் சாவுக்குப் பொருந்தும். தாயும் பிள்ளையும் சேர்ந்தே கொல்லப்பட்ட யூதக் குடும்பங்களுக்கு எப்படிப் பொருந்தும்? மேரியின் மடியில் ஏசு என்ற கிறித்தவ உருவத்தை அவர்கள்மேல் சுமத்தலாமா? கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஒரே “பலியானவர்கள்” ஆகிவிடவில்லையா?

இத்தனைக்கும் தன் சிலை மதம் சார்ந்ததல்ல என்று கோல்விட்ஸ் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அவருடைய தாய் கதறவில்லை, யோசனையில் ஆழ்ந்திருக்கிறாள்.

நான் சொல்லவருவது இதுதான். அட்டை இல்லாத உணர்ச்சியை யார் வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். அரசாங்கம் தூக்கிக்கொண்டு போயிற்று. அந்த இடத்தில் கேள்வி கேட்டுக் கையைப் பிடித்தவர்கள் உங்களுக்குப் பிடிக்காத கோட்பாட்டு ஆட்கள்தாம்.

கரிக்கட்டை:

இதை நான் அறிந்திருக்கவில்லை, நன்றி. ஆனால் வடதிசைக்காற்று, நீங்கள் காட்டும் குற்றம் சிலையைப் பெரிதாக்கி நட்டவர்களுடையது. கைவினைஞர் வீட்டுப் பொருளைக் கொண்டுபோய் விமான நிலையத்தில் நிறுத்தினால் பொருள் என்ன செய்யும்? அந்த ஒரு முழச் சிலைக்கு முன்னால் கோசெலெக் நின்றிருந்தால் வாதாடியிருப்பாரா?

உளிமகள்:

வேலைக்கு வருவோம். அவர் உணர்ச்சியை எங்கே தேடினார் என்பதைக் கருவிகளே சொல்கின்றன.

ஜெர்மன் கம்யூனிஸ்ட் தலைவர் கார்ல் லீப்க்னெக்ட் 1919 ஜனவரி 15-ல் கொல்லப்பட்டார். குடும்பத்தார் கேட்டுக்கொள்ள, கோல்விட்ஸ் பிணவறைக்குப் போய் அவரை வரைந்தார். அதை அச்சாக்க முதலில் எட்சிங், பிறகு கல்லச்சு. இரண்டிலும் திருப்தியில்லை. 1920-ல் ஏர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்கு அச்சுகளைப் பார்த்தார். தானும் மரத்துக்கு மாறினார். அப்போது வயது 52. பேர்பெற்ற எட்சிங் ஓவியர். அந்த வயதில் ஊசியைக் கீழே வைத்துவிட்டு உளியை எடுப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

எட்சிங் ஊசி மெழுகின்மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். மயிரிழைக் கோடு, சாம்பல் நிறத்தில் நூறு படிகள் கிடைக்கும். மரம் அப்படியல்ல. இழை ஓட்டத்தோடு போனால் வழிவிடும், குறுக்கே போனால் எதிர்த்து நிற்கும், சிலும்பும். வெட்டிய இடம் வெள்ளை. வெட்டாத இடம் கறுப்பு. நடுவே ஒன்றுமில்லை. எவ்வளவு வெளிச்சத்தை அனுமதிப்பது என்பதை ஒவ்வொரு வெட்டிலும் முடிவு செய்ய வேண்டும். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

‘போர்’ என்ற ஏழு மரச்செதுக்குகளின் தொகுப்பு 1923-ல் வெளிவந்தது. அதில் மூன்றாவது ‘பெற்றோர்’. இரண்டு பேர் மண்டியிட்டு ஒருவருக்குள் ஒருவர் சரிந்து ஒரே கறுப்புக் குன்றாகிவிடுகிறார்கள். தந்தையின் முகம் கையால் மூடியிருக்கிறது. தாயின் முகம் தெரிவதேயில்லை. இதன் முந்தைய வடிவம் ஒன்றைப் பற்றி அவர் ஒரு கடிதத்தில் குறைப்பட்டுக்கொண்டார். வெளிச்சம் அதிகம், கடுமை அதிகம், தெளிவு அதிகம். துக்கம் என்பது முழுக்க இருட்டு என்று. அந்தப் படிமத்தை அவர் பலமுறை மாற்றிச் செய்தார். மகன் இறந்து ஏழெட்டு ஆண்டுக்குப் பிறகும் ஒரு தாய் “துக்கத்தில் வெளிச்சம் கூடிவிட்டது” என்று பலகையைத் திருத்திக்கொண்டிருக்கிறாள் என்றால் அதைப் பொங்கிவந்த உணர்ச்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதைக் கோட்பாடு என்றும் சொல்ல மாட்டேன், பனங்காடு. எந்தப் புத்தகத்திலும் அந்தக் கறுப்பின் அளவு எழுதியிருக்கவில்லை.

கரிக்கட்டை அண்ணா சொன்ன நினைவுச்சின்னமும் அப்படித்தான். முதல் திட்டத்தில் நடுவில் பீட்டர் கிடப்பான். தலைமாட்டில் தந்தை, கால்மாட்டில் தாய். 1919-ல் அந்த வேலையைக் கைவிட்டார். ஐந்தாறு ஆண்டு கழித்து மறுபடி எடுத்தபோது மகனையே நீக்கிவிட்டார். தாயும் தந்தையும் தனித்தனிப் பீடத்தில், ஒருவரையொருவர் தொடாமல். தந்தை தன்னைத்தானே கட்டிக்கொண்டு விறைத்து மண்டியிட்டிருக்கிறார். தாய் குனிந்துவிட்டாள். இப்போது அந்தக் கருங்கல் சிலைகள் பெல்ஜியத்தின் விளாட்ஸ்லோ கல்லறைத் தோட்டத்தில், 25,000க்கும் மேற்பட்ட வீரர்களின் புதைகுழிகளுக்கு முன்னால் இருக்கின்றன.

ஏன் தொடாமல்? பீட்டர் போருக்குப் போகத் தந்தையின் அனுமதி தேவைப்பட்டது. கார்ல் மறுத்தார். மகனுக்காகப் பேசிக் கணவரைச் சம்மதிக்கவைத்தவர் கேத்தே. இது தெரிந்தபிறகு அந்த இரண்டு பீடங்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள்.

பனங்காடு:

“இது தெரிந்தபிறகு” என்றீர்களே, அதுதான் அம்மா விளக்க அட்டை! தெரியாதவனுக்கு இரண்டு கிழவர்கள் மண்டியிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கரிக்கட்டைக்கு இன்னும் இரண்டு செய்திகள். கலை என்பது ஒருவர் உணர்ந்ததை இன்னொருவருக்குத் தொற்றவைப்பது என்று முழங்கிய டால்ஸ்டாய் அதற்காக ஒரு முழுப் புத்தகம் எழுதினார், 1898-ல். உணர்ச்சியே கலை என்பதும் ஒரு கோட்பாடுதான். அந்தக் கோட்பாட்டின் கையில் கோல் கிடைத்ததும் என்ன ஆயிற்று? பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி கெட்ட கலை. தன் சொந்த நாவல்களே கெட்ட கலை. தான் எழுதியதில் இரண்டு சிறுகதைகளைத்தான் தப்பவிட்டார்.

மறுபக்கம், படைப்பைவிட அதன் பின்னால் உள்ள எண்ணமே முக்கியம் என்ற கருத்துருக் கலைஞர்களின் பிதாமகர் என்று நீங்கள் திட்டக்கூடிய சால் லெவிட் 1967-ல் எழுதிய கட்டுரையில், இந்தக் கலை கோட்பாட்டை விளக்குவதற்காக வந்ததல்ல, உள்ளுணர்வால் ஆனது என்கிறார். உணர்ச்சிக் கட்சியின் தலைவர் சட்டப்புத்தகம் எழுதுகிறார், கோட்பாட்டுக் கட்சியின் தலைவர் உள்ளுணர்வு என்கிறார். நாம்தான் இங்கே கொடி பிடித்து அடித்துக்கொள்கிறோம்.

நெறியாளர்:

நடுவில் வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஓவியத்தைப் பற்றிப் பேசுங்கள். ஒருவர் எந்தக் கல்லூரியில் படித்தார் என்பது இங்கே தேவையில்லை.

பழைய_அச்சகம்:

கோல்விட்ஸின் படங்கள் கிழக்கே எப்படி வந்தன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1931 பிப்ரவரியில் ஷாங்காயில் இளம் எழுத்தாளர்கள் ஐவர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான ரோ ஷி, சீன எழுத்தாளர் லூ ஷுன்னுக்கு நெருங்கியவர். வெளிப்படையாக இரங்கல் எழுத முடியாத நேரம். ரோ ஷியின் தாய்க்குப் பார்வை கிடையாது; மகன் இறந்ததும் அவருக்குத் தெரியாது. லூ ஷுன் கோல்விட்ஸின் ‘பலி’ என்ற மரச்செதுக்கை ஒரு பத்திரிகையில் அச்சிடக் கொடுத்தார். குழந்தையை இரு கையாலும் ஏந்தி நீட்டும் தாயின் படம். அதுதான் அவருடைய இரங்கல். ஜெர்மன் தெரியாத வாசகர்கள் அதைப் பார்த்தார்கள். பனங்காடு, அங்கே ரோ ஷியின் பெயரைச் சொல்லும் அட்டை இல்லை. அப்படி எழுதியிருந்தால் பத்திரிகைக்கு ஆபத்து.

இந்தியாவில் சித்தபிரசாத். 1943 வங்கப் பஞ்சத்தின்போது மேதினிபூர் மாவட்டத்தில் நடந்தே திரிந்து வரைந்தார். அனுப்பியது கம்யூனிஸ்ட் கட்சி. கோட்பாடுதான் அவரை அந்த ஊர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் படங்களைப் பாருங்கள். எலும்பும் தோலுமான மனிதனை வரைந்து, அவன் பெயர் என்ன, எந்த ஊர், என்ன தொழில் செய்தவன் என்று எழுதிவைத்தார். ‘பசித்த வங்கம்’ என்ற அவருடைய சிறு நூலின் 5,000 படிகளை ஆங்கில அரசு கைப்பற்றி எரித்தது.

கோல்விட்ஸுக்கும் கட்சிக்கும் இடையில் இருந்தது வேறு விதம். லீப்க்னெக்ட் படத்துக்காக அவரிடம் கேள்வி எழுந்தபோது, எதிலிருந்தும் அதன் உணர்ச்சியை எடுத்துக்கொள்ளும் உரிமை கலைஞருக்கு உண்டு, அரசியலில் லீப்க்னெக்டைப் பின்பற்றாமலேயே தொழிலாளர்கள் அவருக்கு விடைகொடுப்பதை வரையலாம் என்று நாட்குறிப்பில் எழுதினார். இன்னொன்றும் சொன்னார், கரிக்கட்டை கவனிக்கவும். தொடக்கத்தில் தான் தொழிலாளர்களை வரைந்தது இரக்கத்தால் அல்ல, அவர்கள் அழகாக இருந்ததால் என்று.

கரிக்கட்டை:

அழகாக இருந்ததால்! இதைவிட என் பக்கம் பேசும் வாக்கியம் வேண்டுமா? இரக்கம்கூடப் பாதி கோட்பாடுதான். கண் முதலில் போய் நின்ற இடம் அது.

வைகறை:

உவகை. எட்டாவது மெய்ப்பாடு.

ஈரமண்:

எல்லோரும் நிறையச் சொல்லிவிட்டீர்கள். உளிமகள் அக்கா எழுதியதைப் படித்தபிறகு கைகளைப் பென்சிலில் வரைவதை நிறுத்திவிட்டு ஒட்டுப்பலகையில் வெட்டத் தொடங்கியிருக்கிறேன். விரல் காய்ப்புகள் வெள்ளையாக வருவதா கறுப்பாக வருவதா என்று தெரியவில்லை. வெள்ளையாக வெட்டினால் மினுங்குகிறது, நகை போட்டதுபோல் இருக்கிறது. குறிப்பை இன்னும் கொடுக்கவில்லை. கெடு வெள்ளிக்கிழமை.

உளிமகள்:

மினுங்குகிறது என்றால் வெட்டு நுனி மிகக் கூர்மையாக இருக்கிறது. ‘V’ வடிவ உளியை வைத்துவிட்டு அகலமான வளைவு உளியால், இழைக்குக் குறுக்கே, ஆழமில்லாமல் தட்டிப் பார். பலகை கொஞ்சம் சிலும்பட்டும். சிலும்பிய இடத்தில் மை திட்டுத்திட்டாக ஏறும். பசை காய்ந்த தோல் அங்கேதான் வரும். மையை ரோலரில் மெலிதாக எடு. அச்சு இயந்திரம் கிடைக்காவிட்டால் கரண்டியின் முதுகால் தேய்த்தே எடுக்கலாம், கல்லூரி இயந்திரத்துக்காகக் காத்திருக்காதே.

குறிப்புக்குச் சித்தபிரசாத் செய்ததையே செய். பாட்டியின் பெயர், ஊர், வயது, தீப்பெட்டி ஒட்டியவர் என்று நாலு வரி. அதற்கு மேல் எழுதாதே. எந்தச் சிந்தனையாளரை ஒட்டி என்று ஆசிரியர் கேட்டால் சித்தபிரசாத் பெயரைச் சொல்லிவிடு. மதிப்பெண் போட அவருக்கு ஒரு பெயர் வேண்டும், அவ்வளவுதான்.